புழுக்கைக் கணக்கு

மேல்வீட்டு நௌடியால் குடும்பம்
குவாஹாட்டிக்கு மாற்றலாகிப் போனபோது
ஃப்ரிட்ஜை விற்றார்கள். சோபாவை விற்றார்கள்.
ரூயியை மட்டும்
ஷூ டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிய கூண்டோடு
என் வாசலில் வைத்து
"பத்தே நாள், அங்கிள்" என்றார்கள்.
அது மார்ச் மாதம்.

ரூயி என்றால் பஞ்சு.
பஞ்சு என்றும் கூப்பிட்டுப் பார்த்தேன்.
இரண்டு மொழியிலும் அது திரும்பவில்லை.

ஐடிஓ பக்கம் தணிக்கை அலுவலகம் எனக்கு.
அடுத்தவர் செலவுச்சீட்டில் பிழை பிடித்தே
இருபத்தாறு வருடம் ஓடியது.
என் பிழைகளையும் எழுதிவிடுகிறேன்.

காரட் போட்டேன், தினமும்.
படத்தில் எல்லா முயலும் அதைத்தானே தின்கிறது.
ஹோலிக்குப் பிள்ளைகள் பூசிய பச்சை போகட்டுமென்று
வாளித் தண்ணீரில் முக்கியெடுத்தேன்.
அரைமணி நேரம் நடுங்கியது;
குளிர் என்று நினைத்தேன்.
காதைப் பிடித்துத் தூக்கினேன்.
கைப்பிடிபோல அவ்வளவு நீளமாய்
வேறெதற்கு வைத்திருக்கிறது?
"உங்கள் காதை யாராவது பிடித்துத் தூக்கட்டும்"
என்றாள் கீழ்வீட்டு நஸ்ரீன்.
நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று
நானும் நின்றேன் கொஞ்ச நாள்.

ஜூனில் ஓர் இரவு கரண்ட் போய்
மயூர் விஹார் முழுக்க
அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லாய்க் கிடந்தது.
முயல் கத்தாது. முனகாது.
மூலையில் கூனி, கண்ணைப் பாதி மூடி
யாருக்கும் தொந்தரவில்லாமல்
செத்துப்போகத் தெரிந்த பிராணி.
போட்டது போட்டபடி இருந்தது.
தட்டும் சுத்தமாக இருந்தது.
ஒரு புழுக்கை இல்லை.
என் தொழிலில் தெரியும்,
இவ்வளவு சுத்தமான ஏட்டில்தான்
ஏதோ நடந்திருக்கும்.

மூன்று ஆஸ்பத்திரியில் நாய் பூனை மட்டும்.
நஸ்ரீன் ஸ்கூட்டரை ஓட்ட
மடியில் துண்டு, துண்டுக்குள் அது,
போகல் சந்துக்குள் டாக்டர் லால்ரின்புயி
வயிற்றை விரல்நுனியால் கேட்டார்.
ஆம், கேட்டார், காதால் அல்ல.
"குடல் நின்றுபோயிருக்கிறது.
அரைநாள் தின்னாத முயலுக்கு
நாளை பார்க்கலாம் என்று ஒரு நாள் கிடையாது."
பிறகு, என்னைப் பார்க்காமல்:
"காரட் மிட்டாய் மாதிரி. எப்போதாவது.
பல் வளர்ந்துகொண்டே இருக்கும்,
உலர்ந்த புல்தான் அதற்கு அரம்."

அன்றிரவு
ஐஸாய் உறைந்த பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து
ஊசியில்லாத சிரிஞ்சில் பச்சைக் கூழ்,
ஒரு சொட்டு, காத்திருப்பு,
ஒரு சொட்டு.
மோவாயைத் துடைத்தேன்.
அவர் காட்டித்தந்தபடி வயிற்றை நீவினேன்.
ஒன்றரை, இரண்டேமுக்கால், மூன்றரை.

நாலு இருபதுக்கு
ஒன்று.
கொத்தமல்லி விதை அளவுகூட இல்லை.
உள்ளங்கையில் ஏந்தி
பால்கனி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன்.
நஸ்ரீனுக்குப் போன் போட்டு
"வந்துவிட்டது" என்றேன்.
பிள்ளை பிறந்த வீட்டுக்காரன்போல
குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

இப்போது திரிலோக்புரி மாட்டுக்கொட்டிலுக்கு வரும் வண்டியில்
எனக்கும் ஒரு கட்டுப் புல் தனியாக வரும்.
ஆபீஸ் கோப்புக்குள் வைக்கோல் துணுக்கு உதிர்கிறது.
வழுக்கும் டைல்ஸ்மேல் சாக்கு விரித்தாயிற்று.
ஒயர்களெல்லாம் பிளாஸ்டிக் குழாய்க்குள்.
அந்தக் கூண்டில் வெங்காயம் இருக்கிறது.

தூக்குவதில்லை.
தரையில் நீட்டிப் படுத்துக்கொள்வேன்.
வேண்டுமென்றால் அதுவே வரும்.
நெற்றியைத் தடவினால்
பல்லோடு பல் மெல்ல உரசும்,
தூரத்தில் யாரோ
அரிசி களைவதுபோல்.
வராத நாளும் உண்டு.
அன்றைக்கு நான் சும்மா படுத்திருந்துவிட்டு எழுந்துகொள்வேன்.

தீபாவளிக்கு நௌடியால் கூப்பிட்டார்.
வாழ்த்து, வானிலை, வாடகை.
கடைசியில், தயங்கி,
"அது... இன்னும் இருக்கிறதா?"

"இன்றைக்கு இருநூற்றுப் பதினேழு" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை.
நான் விளக்கவும் இல்லை.